நான் அழித்த கயிறு

போன மாதம் கவிதா எனக்கு வாட்சாப்பில் ஒரு படம் அனுப்பி, அடியில் சிரிக்கிற பொம்மைகள் நாலைந்தும் போட்டிருந்தாள். மலாக்காவில் ஓர் அரும்பொருளகத்தின் காகித அறையில், நான் இருபத்தொன்பது வருடம் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள். பழைய கடிதமோ வரைபடமோ ஓவியமோ எது வந்தாலும் தூசி போக்கி, கிழிசல் ஒட்டி, மேலும் கெடாமல் வைப்பது அந்த அறையின் வேலை. இப்போது எல்லாவற்றையும் கணினியில் ஏற்றுகிறார்களாம். ஏற்றியதும் கணினியே படத்தைப் பார்த்து, அதில் என்ன நடக்கிறது என்று எழுதியும் கொடுத்துவிடுகிறதாம்.

“ஆண்ட்டி, உங்க மீனவர் படத்துக்கு மெஷின் என்ன எழுதியிருக்குன்னு பாருங்க லா!” என்று எழுதியிருந்தாள். பார்த்தேன். ‘கடற்கரையில் மக்கள் வரிசையாகக் காத்திருக்கிறார்கள். ஒருவர் வரிசையை விட்டுத் திரும்பிச் செல்கிறார்.’ நான் போட்ட சிரிப்பில், புக்கிட் காத்தில் என்ற ஊரில் எங்கள் வீட்டின் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் பதறி ஓடி வந்தார்.

சிரிக்காமல் என்ன செய்வது? பல வருடங்களுக்கு முன் அதே படத்துக்கு நான் எழுதிக் கொடுத்ததும் ஏறக்குறைய அதே இரண்டு வரிதான். மெஷினாவது படத்தைத் தொடாமல் தப்பாகச் சொன்னது. நான் முதலில் படத்தைக் கெடுத்துவிட்டு, பிறகு தப்பாக எழுதினேன். அந்தத் தப்புக்கு என் வேலை போயிருக்கலாம். ஒரு மனிதர் தன் அப்பாவின் படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய் அலமாரியில் பூட்டியிருக்கலாம். இரண்டும் நடக்காமல் காப்பாற்றியவர்கள் மூன்று பேர். கவிதாவிடம் போனில் கொஞ்சம் சொன்னதற்கே, “எழுதிக் கொடுங்க ஆண்ட்டி, புதுசா வர்ற பிள்ளைங்க படிக்கட்டும்” என்று பிடிவாதம் பிடித்தாள். எழுதுகிறேன். என் பெருமையைப் படிக்கலாம் என்று யாரும் வந்தால் ஏமாந்து போவீர்கள்.

நான் பிறந்தது புலாவ் செபாங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார், அப்பா அந்தப் பாலை வாளியில் தூக்கினார். பள்ளியில் ஐந்தாம் பாரம் முடித்த கையோடு, பழைய புத்தகங்களை எண்ணி அட்டை போடும் மூன்று மாதத் தற்காலிக வேலைக்கு அரும்பொருளகம் வந்தேன். எண்ணி முடித்ததும் யாரும் போகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காகித அறையில் ஆள் குறைவு என்று அங்கே தள்ளிவிட்டார்கள். முதல் இரண்டு வருடம் கோதுமை மாவில் பசை காய்ச்சி, சல்லடையில் அரித்து, மறுபடி அரித்து வைப்பதுதான் வேலை. நான் காய்ச்சிய பசையில் எங்கள் தோட்டத்துக்கே தோசை சுட்டிருக்கலாம். அப்புறம் மெல்லிய தாளால் கிழிசல் ஒட்டினேன், பூஞ்சணம் எது பூச்சி அரித்தது எது என்று பிரித்துப் பார்க்கப் பழகினேன். பத்து வருடத்தில் கை நிதானப்பட்டது. வாய் மட்டும் நிதானப்படவே இல்லை என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

அந்தச் சமயத்தில்தான் புவான் ரொஸ்னா எங்களுக்குத் தலைவியாக வந்தார். புவான் என்பது மலாயில் அம்மையார் என்று மரியாதையாகக் கூப்பிடுவது. வெளிநாட்டில் படித்தவர், என்னைவிட நான்கு வயது சின்னவர். எனக்கு உள்ளுக்குள் ஒரே புகைச்சல். “நேத்துப் பேஞ்ச மழையில இன்னிக்கு முளைச்ச காளான், எனக்குச் சொல்லிக் குடுக்க வந்துருச்சு” என்று வீட்டில் வந்து பொரிந்து தள்ளினேன். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அறைக்குள் வந்ததும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொள்வார். மேசைமேல் இருக்கும் காகிதத்தைக் குனிந்து பார்ப்பார். இந்தப் பக்கம் போய்ப் பார்ப்பார், அந்தப் பக்கம் வந்து பார்ப்பார், முட்டியை மடக்கிக் கண்ணைக் காகிதத்தின் மட்டத்துக்குக் கொண்டுவந்தும் பார்ப்பார். கையை மட்டும் அவிழ்க்க மாட்டார். கால் மணி நேரம் கழித்து, “மல்லிகா, உனக்கு என்ன தெரியுது?” என்பார்.

நாங்கள் பேசியது மலாயில். இங்கே தமிழில் தருகிறேன். “பூஞ்சணம் புவான்” என்பேன். “பார்த்ததா, நினைச்சதா?” என்று கேட்பார். அவர் வந்த பிறகு, கைக்கு வரும் ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் போட வேண்டும் என்று ஆயிற்று. இடது பக்கத்தில் பார்த்தது, வலது பக்கத்தில் நினைத்தது. ‘மூலையில் பழுப்பு வளையம், குவளையின் அடி அளவு’ என்றால் இடது பக்கம். ‘யாரோ கோப்பி வைத்திருக்கிறார்கள்’ என்றால் வலது பக்கம். முதல் மாதம் என் இடது பக்கத்தில் பாதியைப் பென்சிலால் அம்பு போட்டு வலது பக்கத்துக்குத் தள்ளினார். எனக்கு எரிச்சலாக வரும். இன்று அவர் இருக்கும் திசைக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றுகிறது.

கடலோர வாழ்க்கையைப் பற்றி ஒரு கண்காட்சி ஏற்பாடானது. வீட்டில் பழைய படமோ பொருளோ வைத்திருப்பவர்கள் இரவல் தரலாம் என்று அறிவித்திருந்தார்கள். குருபோங் ஊரிலிருந்து முனியாண்டி என்ற அண்ணன் ஒருவர் ஒரு படத்தைக் கைலியில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்துக் கொண்டுவந்தார். எழுபதை நெருங்கியவர், தொழிற்சாலை லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர்.

“பத்திரம்மா. எங்கப்பா வரைஞ்சது, வீட்ல அவரு கைப்பட இருக்கிறது இது ஒண்ணுதான்” என்றார். “கடைசியில நிக்கிறாரு பாரு, அது அவருதான்.”

இரவல் படிவத்தில் பெயரும் முகவரியும் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டேன். படத்தில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!

படம் ஒரு நாளிதழின் அரைப்பக்க அளவு. நிப்புப் பேனாவால் கறுப்பு மையில் வரைந்தது. அவர் அப்பா கடற்கரையில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பாராம், அந்த மைதான். இடது பக்கம் நாலைந்து கோட்டில் கடல், வலது பக்கம் மணல். கவிழ்த்துப் போட்ட ஒரு சம்பான் படகு, இரண்டு தென்னை, ஒரு கூடை. மணலில் ஏழு ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக நிற்கிறார்கள். ஆறு பேர் கடலைப் பார்த்து, கொஞ்சம் பின்னால் சாய்ந்து, இரண்டு கையையும் வயிற்றுக்கு முன்னால் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஏழாவது ஆள் மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருக்கிறார். ஓவியரின் கையெழுத்து எங்கும் இல்லை. தமிழர் ஒருவர் கடலை வரைந்தார் என்பதைக் கண்காட்சிக் குழுவில் பாதிப் பேர் நம்பவில்லை.

சமையலறைச் சுவரில் வருடக்கணக்காகத் தொங்கியதால் படம் முழுக்கப் புகை. நடுவில், ஏழு பேரின் கைகள் இருக்கும் உயரத்தில், குறுக்காக ஒரு மடிப்பு. புவான் ரொஸ்னா இரண்டு நாள் கூட்டத்துக்காகக் கோலாலம்பூர் போயிருந்தார். அவர் வருவதற்குள் முடித்து அசத்த வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்?

செய்ததை அப்படியே சொல்கிறேன். முதலில் படத்தைப் புகைப்படம் எடுத்தேன். மென்மையான தூரிகையால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தூசி தள்ளினேன். ஓர் ஆளின் தலைமுடியில் ஊசிமுனை அளவு நீர் வைத்து, ஒற்றுத்தாளை அழுத்தி, மை கரைகிறதா என்று பார்த்தேன். கரையவில்லை. அழிப்பானைத் துருவித் தூளாக்கி, படத்தின்மேல் தூவி, விரல் நுனியால் சிறு சிறு வட்டமாக உருட்டினேன். தூள் கறுக்கக் கறுக்கக் காகிதம் வெளுத்து வந்தது. புகை போனதும் மடிப்பை ஒட்டி ஓர் இளம்பழுப்புக் கோடு தெரிந்தது. மெலிசு, கலங்கல், அங்கங்கே விட்டுவிட்டுப் போனது. நோட்டின் இடது பக்கத்தில் எழுதினேன்: ‘மடிப்பில் அழுக்கு.’

அழிப்பானைக் கூராகச் சீவி அந்தக் கோட்டின்மேல் தேய்த்தேன். முழுதும் போகவில்லை. பஞ்சை ஈரப்படுத்திப் பிழிந்து, கோட்டின் வழியே மெல்ல உருட்டினேன். பஞ்சில் பழுப்பு ஏறியது. அழுக்கு வருகிறதே என்று சந்தோஷப்பட்டேன். நாலு பஞ்சு மாற்றினேன்.

இரண்டாவது கூத்து அதற்குப் பிறகு. படத்தைத் தந்தவர் தமிழர், நீயும் தமிழச்சி, விளக்கக் குறிப்பை நீயே எழுது என்று கண்காட்சிப் பொறுப்பாளர் சொல்லிவிட்டார். பட்டம் படிக்காத எனக்கு அப்படி ஒரு வாய்ப்பு அதுவரை வந்ததில்லை. பூதக்கண்ணாடி வைத்து அந்த ஏழு பேரையும் பார்த்தேன், பார்த்தேன், அப்படிப் பார்த்தேன். ஆண்கள் வரிசையாக நிற்கிறார்கள், கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். எனக்குத் தெரியாதா அது என்ன என்று? விடிவதற்கு முன் தோட்டத்தில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பார்களே, அந்தப் பெரட்டு! கடலோரத்திலும் பெரட்டு இருந்திருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். பின்னால் சாய்ந்து நிற்பது ஓவியருக்குச் சரியாக வரையத் தெரியாததால் வந்த கோணல் என்று அதற்கும் ஒரு சமாதானம். முதுகைக் காட்டிக் குனிந்திருக்கும் ஏழாவது ஆள்? வேலை பிரித்துக் கொடுக்கும் மண்டோர் ‘இன்னிக்கு உனக்கு வேலை இல்லை, போ’ என்று விரட்டிவிட்ட ஆள். அப்படித் தலை குனிந்து திரும்பி வந்தவர்களைச் சின்ன வயதில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். எழுதும்போது எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

குறிப்பைப் படித்த பொறுப்பாளர், உருக்கமாக இருக்கிறது என்று எல்லார் முன்னாலும் பாராட்டினார். ஊரிலிருந்து திரும்பிய புவான் ரொஸ்னா மட்டும் கையைப் பின்னால் கட்டி, படத்தையும் என் குறிப்பையும் மாறி மாறிப் பார்த்தார். “படத்தோட சொந்தக்காரர் இதைப் படிச்சாரா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “வரச் சொல்லு” என்றார்.

கண்காட்சிக்கு ஒரு வாரம் இருக்கும்போது முனியாண்டி அண்ணன் வந்தார். சட்டையை உள்ளே விட்டு, தலையைப் படிய வாரி, கல்யாண வீட்டுக்கு வருவதுபோல வந்தார். மேசைமேல் இருந்த படத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “நல்லா வெளுத்துட்டியேம்மா” என்றார். பிறகு குனிந்து, படத்தைத் தொடாமல், விரலை அதற்கு மேலே இடமிருந்து வலமாக நகர்த்தினார். பாதி வழியில் விரல் நின்றது.

“கயிறு எங்கம்மா?”

“எந்தக் கயிறுண்ணே?”

“என்னம்மா இப்படிக் கேக்குற? வலைக் கயிறு. கடல்ல போட்ட வலையைக் கரையில நின்னு இழுக்குறாங்கல்ல, அந்தக் கயிறு. ஏழு பேரும் புடிச்சிருப்பாங்க. சின்னப் புள்ளையில நான் அதுமேல விரல் வச்சு ஓட்டுவேன், எங்கம்மா கத்தும்.”

நாலு பஞ்சும் கண் முன்னால் வந்தன. அவர் அதற்குள் பக்கத்தில் இருந்த என் குறிப்பை எடுத்து, உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார். படித்து முடித்தவர் உட்காரவே இல்லை, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இது யாரு எழுதுனது?”

“நான்தாண்ணே.”

“எங்கப்பா தோட்டத்துல பால் தூக்குனவரும்மா. ஒரு நாளு மண்டோரை எதிர்த்துப் பேசிட்டாரு. அடுத்த நாளு பெரட்டுல அத்தனை பேரு பார்க்க, வேலை இல்ல போன்னு அனுப்பிட்டான். அதுக்கு மறுநாளும் அனுப்பிட்டான். மூணாவது நாளு பெரட்டுக்கே போகல, நடந்தே கடலுக்கு வந்தாரு. அங்க வலை இழுத்த மலாய்க்காரங்கதான் ஒரு கேள்வி கேக்காம, இந்தா புடின்னு கயித்தைக் குடுத்தாங்க. சாகுற வரைக்கும் அதைச் சொல்லிக்கிட்டே இருந்தாரு. அதைத்தாம்மா வரைஞ்சு வச்சாரு.” என் குறிப்பை மேசைமேல் திருப்பி வைத்தார். “நீ அங்கயும் அவரைத் திருப்பி அனுப்பிட்டியே.”

வெள்ளிக்கிழமை வந்து படத்தை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒளித்து வைக்க மாட்டேன், உள்ளதைச் சொல்கிறேன். கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் யோசித்தேன். நான் எடுத்த புகைப்படத்தில் வெறும் புகைதான் தெரியும், கயிறு தெரியாது. வயதானவர், ஞாபகம் பிசகிவிட்டது என்று சொல்லிவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? அப்படியும் தோன்றியது. ஆனால் அந்த மனிதர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்ற கோலம் கண்ணைவிட்டுப் போகவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே புவான் ரொஸ்னாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர் என் நோட்டைக் கேட்டார். இடது பக்கத்தில் ‘மடிப்பில் அழுக்கு’ என்ற வரியில் வந்து நின்றார். பென்சிலை எடுத்து அந்த வரியிலிருந்து வலது பக்கத்துக்கு ஓர் அம்பு போட்டார். அவர் என்னைத் திட்டியது அவ்வளவுதான். நாலு அறை விட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பிறகு ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, புற ஊதா விளக்கைப் படத்துக்கு மேலே பிடித்தார். நீல வெளிச்சத்தில் காகிதம் பால்போல ஒளிர்ந்தது. அதன் நடுவே, நான் தேய்த்துத் தேய்த்து எடுத்த இடத்தில், மயிரிழைபோல ஒரு கரிய கோடு. அந்தக் கால மையில் இரும்பு உண்டு. மேலே நிறம் போனாலும் காகித நாருக்குள் ஊறியது எளிதில் போகாது, இந்த வெளிச்சத்தில் கறுப்பாகக் காட்டும். கயிறு மெலிசாகத் தெரிய வேண்டும் என்று அண்ணனின் அப்பா மையில் தண்ணீர் கலந்து வரைந்திருக்கிறார். அது காலத்தில் பழுப்பேறி, என் கண்ணுக்கு அழுக்காகிவிட்டது. கோடு கடலிலிருந்து வந்து, ஆறு பேரின் கை வழியாகப் போய், ஏழாவது ஆளின் தோள்மேல் ஏறி முன்னால் இறங்கியது. நான் அங்கேயே அழுதுவிட்டேன். “கண்ணீர் படத்துல விழாம அழு” என்று சொல்லி என்னைத் தள்ளி நிற்கவைத்து, அதைப் புகைப்படம் எடுத்தார்.

விஷயம் தெரிந்ததும் கண்காட்சிப் பொறுப்பாளர் சுலபமாக ஒரு வழி சொன்னார். ஒரு கோடுதானே, மல்லிகாவுக்குத்தான் நல்ல கை ஆயிற்றே, இளம்பழுப்பில் இழுத்துவிட்டால் முடிந்தது, அந்தப் பெரியவரும் சந்தோஷப்படுவார் என்றார். எனக்கும் கை துறுதுறுத்தது. இரண்டே நிமிட வேலை. “எங்க அறையில பழுதுபார்ப்போம், வரைய மாட்டோம்” என்றார் புவான் ரொஸ்னா. “நாளைக்கு ஒருத்தர் அந்தக் கோட்டைப் பார்த்து அவங்க அப்பா போட்டதுன்னு நம்பினா, அது இதைவிடப் பெரிய தப்பு.”

என்னை உட்காரவைத்து, என்ன செய்தேன், எதில் செய்தேன், என்ன போயிற்று என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னார். அடியில் என் பெயர். எழுதிக் கொடுத்ததும் வாங்கி, அதற்குக் கீழே தன் கையால் சேர்த்தார்: ‘நான் ஊரில் இல்லாதபோது நடந்தது. நான் வரும்வரை இதைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகாதது என் தவறு.’ எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “புவான், நீங்க எதுக்கு?” என்றேன். “என் அறையில நடந்துச்சு” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். நேற்று முளைத்த காளான் என்று அவரைச் சொன்ன என் வாயை நான் என்ன செய்ய?

வியாழக்கிழமை நாங்கள் இருவரும் குருபோங் போனோம். முனியாண்டி அண்ணன் வாசல் கதவைத் திறந்து, முகம் பார்க்காமல், “உள்ள வாங்க, கோப்பி குடிக்கிறீங்களா?” என்றார். கோபத்திலும் கோப்பி கேட்கிற மனிதர். நான் அறிக்கையைத் தமிழாக்கிப் படித்தேன். அழிப்பான், பஞ்சு, நாலு தடவை என்று ஒன்றையும் விடவில்லை.

“இதை எழுதச் சொல்லி யாரு கேட்டா?” என்றார்.

“யாரும் கேக்கலண்ணே. எழுதலைன்னா, பின்னால வர்றவங்க கயிறே இல்லாத படம்னு நெனைச்சுக்குவாங்க.”

கோப்பிக் குவளையை என் பக்கம் நகர்த்தினார். “சரி. மறைக்காம வந்து சொன்னே பாரு, அதுக்கு நல்லாரு. ஆனா படம் வேணாம்மா. விளக்கு வச்சுப் பார்த்தா கயிறு தெரியுதுன்னு சொல்ற. சுவத்துல மாட்டுனா யாரு விளக்கு புடிச்சுப் பார்ப்பா? வெறுங்கையோட, முதுகைக் காட்டிக்கிட்டு எங்கப்பா நிக்கிறதை ஊரே வந்து பார்க்கணுமா? வீட்டுக்கே கொண்டு வந்துர்றேன்.”

புவான் ரொஸ்னா அவரிடம் மலாயில், மிகவும் பணிவாக, ஒரே ஒரு காலை நேரம் கேட்டார். வலை இழுத்துப் பழகிய ஒருவரிடம் இந்தப் படத்தைக் காட்டிக் கேட்டுவிடலாம், அதுவரை பொறுங்கள் என்றார். படத்தைப் பார்க்கப்போகிற அந்த ஆளுக்கு யாரும் முன்கூட்டி ஒன்றும் சொல்லக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னார். அண்ணன் யோசித்துவிட்டு, “வர்றேன். ஆனா நான் வாயே தொறக்க மாட்டேன்” என்றார்.

மறுநாள் காலை தஞ்சோங் கிளிங் கடற்கரைப் பக்கம் போனோம். ஒரு மரத்தடியில், படகுக்குப் பக்கத்தில், பாக் டின் என்ற பெரியவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். வாலிபத்தில் கரையில் நின்று வலை இழுத்தவர் என்று அக்கம்பக்கத்தில் விசாரித்துத்தான் அவரிடம் வந்திருந்தோம். புவான் ரொஸ்னா, நான் சுத்தம் செய்த படத்தின் நகலை, கயிறும் இல்லாமல் குறிப்பும் இல்லாமல், அவர் கையில் கொடுத்தார். “பாக்சிக்” என்று, பெரியவரே என்கிற மலாய் மரியாதையில் கூப்பிட்டு, “இவங்க என்ன செய்யறாங்க?” என்று கேட்டார். பாக் டின் தன் மூக்குக்கண்ணாடியைத் தேடினார், கிடைக்கவில்லை, என்னுடையதைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டார். படத்தைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு ஒரு காரியம் செய்தார். படத்தில் இருந்தவர்களின் இடுப்புக்கு மேலே முழுவதையும் தன் உள்ளங்கையால் மூடிவிட்டு, கால்களை மட்டும் பார்த்தார்.

“வலை இழுக்குறாங்க” என்றார்.

என்னால் அடக்க முடியவில்லை. “கயிறே இல்லையே பாக்சிக்!”

“கயிறு எதுக்கு? காலைப் பாரு. குதிகால் மணலுக்குள்ள பூந்திருக்கு. சும்மா நிக்கிறவனுக்கு எதுக்குக் குதிகால் பூந்துக்கும்? உடம்பைப் பின்னால சாய்ச்சு எதையோ இழுத்தாத்தான் இப்படி. பாரம் அதிகம், நல்ல மீன் விழுந்திருக்கு.”

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன் என்று சொன்னேனே. முகத்தைப் பார்த்தேன், கையைப் பார்த்தேன், தலைப்பாகையின் மடிப்புவரை பார்த்தேன். காலைப் பார்க்கவில்லை. கோணல் என்று நான் ஒதுக்கிய சாய்வு எவ்வளவு கச்சிதம் என்று அப்போதுதான் தெரிந்தது.

பாக் டின் விரல் ஒவ்வொருவராக நகர்ந்து ஏழாவது ஆளிடம் வந்தது. அங்கே நின்றுவிட்டது. என் பக்கத்தில் முனியாண்டி அண்ணன் படத்துக்கு இன்னும் கிட்டே குனிந்தார். சொன்ன வார்த்தைப்படி வாயைத் திறக்கவில்லை.

“இந்த ஆளு கடல்காரன் இல்ல” என்றார் பாக் டின்.

அண்ணனின் முகம் வாடிப்போனது. நான் புவான் ரொஸ்னாவைப் பார்த்தேன். அவர் கண் பாக் டின் விரலிலேயே இருந்தது.

“கடலுக்கு முதுகைக் காட்டி நாங்க இழுக்க மாட்டோம். அலையைப் பார்த்துக்கிட்டே இருக்கணும். இவன் திரும்பி நின்னு இழுக்குறான். பாரு, மத்தவனுக்கெல்லாம் குதிகால் பூந்திருக்கு, இவனுக்குக் குதிகால் தூக்கியிருக்கு, பெருவிரல் பூந்திருக்கு. கயித்தைத் தோள்ல போட்டிருக்கான். எங்கேயோ பாரம் தூக்கிப் பழகின தோளு. கடல் வேலை தெரியாது, ஆனா இருக்கிற பலத்தையெல்லாம் குடுக்குறான்.”

அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று பட்டது. தோளில் கம்பு போட்டு, இரண்டு முனையிலும் பால் வாளியைத் தொங்கவிட்டு, ஒரு கையால் கம்பைப் பிடித்து, முன்னால் குனிந்து, பெருவிரலை ஊன்றி மேடு ஏறுவார்களே, தோட்டத்தில் காண்டா தூக்குவது என்போமே, அதேதான்! என் அப்பா தினமும் அப்படித்தான் நடந்தார். அந்த முதுகைப் பார்த்தே வளர்ந்தவள் நான். அந்த முதுகைப் பார்த்துத்தான் வேலை இல்லாமல் திரும்புகிறவன் என்று எழுதியிருக்கிறேன், பாவி.

“காண்டா” என்றேன் தமிழில். “அண்ணே, காண்டா தூக்குறாருண்ணே!”

புவான் ரொஸ்னா பையிலிருந்து இரண்டாவது நகலை எடுத்தார், விளக்கு வெளிச்சத்தில் எடுத்தது. கரிய கோடு, பாக் டின் சொன்ன அதே தோள்மேல் ஏறி இறங்கியது. பாக் டின் ஒன்றும் அதிசயப்படவில்லை. “அதான் சொன்னேனே” என்றார். பிறகு அண்ணனைத் திரும்பிப் பார்த்து, யார் இவர் என்று கேட்டார். “படத்துல இருக்கிறது எங்கப்பா” என்று அண்ணன் மலாயில் சொன்னார். கயிறு கொடுத்த கதையையும் சொன்னார். பாக் டின் கேட்டு முடித்து, மெல்ல எழுந்து, படகுக்குள்ளிருந்து ஒரு கயிற்றை எடுத்து, அதன் நுனியை அண்ணனிடம் நீட்டினார்.

“இந்தா, புடி.”

அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டார். கயிற்றை வாங்கித் தோளில் போட்டு, கடலுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நின்றார். மறுமுனையைப் பாக் டின் தன் இடுப்போடு சேர்த்துப் பிடித்துப் பின்னால் சாய்ந்தார். இரண்டு கிழவர்களும் முழுப் பலத்தோடு இழுத்துக்கொண்டு நின்றார்கள். அண்ணனின் குதிகால் மேலே எழும்பியது, பெருவிரல் மணலுக்குள் புகுந்தது. “இப்பப் பாரு, அதேதான்!” என்று பாக் டின் சத்தம் போட்டுச் சிரித்தார். புவான் ரொஸ்னா அதுவரை பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்த்து வாயைப் பொத்திக்கொண்டார்.

அண்ணன் கயிற்றைத் தோளைவிட்டு இறக்கவில்லை. கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிய, குனிந்தபடியே என்னைப் பார்த்தார்.

“படம் அங்கயே இருக்கட்டும் தங்கச்சி. பேப்பர் வச்சிருக்கியா? எழுது. எங்கப்பாவை யாரும் திருப்பி அனுப்பலைன்னு எழுது. இன்னும் இழுத்துக்கிட்டுத்தான் இருக்காருன்னு எழுது.”